ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

கிழக்குத் தாம்பரத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், முதல் வேலையாகச் செருப்புகளை வெளியே தள்ளினார்கள். அடுத்து பேச்சு நின்றது. அதற்கப்புறம், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினால்தான் உள்ளே விடலாம் என்று ஒரு உத்தரவு வந்தது. அமெரிக்காவில் செட்டிலான பழைய மாணவர்கள் வாங்கி அனுப்பிய பத்து மெஷின்கள். ஏ.சி. போட்ட அறை. தாளாளர் அசரியா சார் யாராவது விருந்தாளி வந்தால் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, குரலைத் தாழ்த்தி விளக்கம் சொல்வார். சர்ச்சில்கூட அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த அறையின் சாவி தபீதாள் டீச்சரிடம் இருந்தது. கணக்கு டீச்சர். மூன்று வாரம் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் வராததுமாகப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். அவளுக்கு அந்த அறையில் பிடிக்காத ஒரே விஷயம் அதன் அமைதிதான். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, திரையில் எது வந்தாலும் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒருத்தி ஏழையும் எட்டையும் பெருக்கச் சொல்லி, தப்பாகத் தட்டி, திரையில் வந்த ஐந்நூற்று அறுபதை மணிமணியான கையெழுத்தில் எழுதிக் காட்டினாள். தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏழு எட்டு எவ்வளவுடி? ரெண்டாங்கிளாஸ்ல படிச்சது எங்க போச்சு?"

"அம்பத்தாறு டீச்சர். ஆனா கம்ப்யூட்டர்ல இப்படி வந்துச்சு."

அன்றிலிருந்து தபீதாள் புது வழக்கம் ஒன்று கொண்டுவந்தாள். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வந்தது வேறாக இருந்தால் தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்கக்கூடாது. எதையாவது மாற்றிப் பார்ப்பதாக இருந்தால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஒரு மாதத்தில் அந்த அறை மீன் மார்க்கெட் மாதிரி ஆகிவிட்டது. தலைமையாசிரியை இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதெல்லாம் நடந்த அடுத்த ஜூனில், தொண்ணூற்று நான்கில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு அசரியா சார் ஒரு காரியம் செய்தார்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். கை சுத்தம். ஒவ்வொரு ஜூனிலும் பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் விஞ்ஞானமும் உள்ள பர்ஸ்ட் குரூப்புக்கு அவர் வீட்டு வாசலில் கவுன்சிலர் நிற்பார், போதகர் நிற்பார், சொந்த மைத்துனியே நிற்பாள். யாருக்கு இல்லை என்று சொன்னாலும் பகை. அப்போதுதான் மெஷின்களோடு இலவசமாக வந்த ஒரு பிளாப்பி அவர் கண்ணில் பட்டது. 'டேலண்ட் சார்ட்' என்று பெயர். பிள்ளையின் பேர், மார்க், பிறந்த தேதி மூன்றையும் கொடுத்தால் போதும். மூளைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று மூன்று அலைக்கோடுகள் வரும். அதற்குக் கீழே இந்தப் பிள்ளைக்கு ஏற்ற படிப்பு எது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். இந்த வருஷம் குரூப்பெல்லாம் சார்ட் சொல்கிறபடிதான் என்று அறிவித்துவிட்டார். "நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுது" என்று கவுன்சிலரிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

தபீதாள் ஆட்சேபித்தாள். "இது எதை வச்சுச் சொல்லுதுன்னு நமக்குத் தெரியாதே சார்" என்றாள். "உங்களுக்குத் தெரியலேன்னா அதுக்கும் தெரியாதுன்னு அர்த்தமா டீச்சர்?" என்று கேட்டு அவர் அவளை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை லேப் வாசலில் பேபி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய சிநேகிதி மாரி. இரண்டு பேர் கையிலும் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிரிண்டர் தாள்.

பேபியின் அம்மா கங்கம்மா சித்தாள் வேலை செய்பவள். சேலையூரிலும் மேடவாக்கத்திலும் அப்போது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. அப்பா குப்புராஜ் லாரியோடு போய் லாரியோடு வருகிறவர். பேபி கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தாள். பர்ஸ்ட் குரூப் எடுத்து இன்ஜினியர் ஆக வேண்டும், அம்மா கல் சுமக்கிற கட்டடத்துக்குத் தான் பிளான் போட வேண்டும் என்பது அவள் எட்டாம் வகுப்பிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம். தாளில் தொழிற்பிரிவு, தையல் என்று வந்திருந்தது.

"இன்னா டீச்சர் இது? எனக்குப் போய் தையல்னு போட்டுகீது. ஒரு பட்டன் தெக்கத் தெரியாது எனக்கு."

"எனக்கும் அதே தான்" என்றாள் மாரி. பேபியைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம். "நானு இன்னா படிக்கணும்னு சொல்ல இது யாரு டீச்சர்? பேஜாரா கீது."

தபீதாள் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். "அதையே கேட்போம், வாங்க."

பேபியின் விவரங்களைத் தட்டினார்கள். தையல். மார்க்கை மட்டும் மாற்றி, தொண்ணூற்றாறை முப்பத்தாறு ஆக்கினார்கள். கோடுகள் அசையவில்லை. அப்போதும் தையல்.

"அப்ப மார்க்க அது பாக்கவே இல்ல!" என்று மாரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

அடுத்து பேரை மட்டும் மாற்றினார்கள். வாட்ச்மேனின் ஆட்டுக்கு ராணி என்று பேர். ராணிக்கும் தையல் வந்தது. மூன்றாவதாகப் பிறந்த தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். மூன்று கோடுகளும் துள்ளிப் புரண்டு, ஆடு கலைப்பிரிவுக்குப் போனது. மூவரும் சிரித்தார்கள். ஆனால் பேபி சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டாள். அலமாரியிலிருந்த மற்ற பிள்ளைகளின் பிரதிகளை வாங்கித் தரையில் பரப்பினாள். தையல் என்று வந்ததையெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கினாள். எல்லாவற்றிலும் ஒரே தேதி. ஜூன் ஒன்று, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பது.

"இத்தினி பேரும் ஒரே நாள்லயா பொறந்தோம்?" என்றாள் மாரி. "ஆஸ்பத்திரில அன்னிக்குப் படுக்க எடம் கெடச்சிருக்காதே."

தபீதாளுக்கு உடனே விளங்கிவிட்டது. நம்மில் பாதிப் பேருக்கு விளங்கியிருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போது பிறந்த தேதி என்ன என்று கேட்டால் எந்த அம்மா சொன்னாள்? மழை பெய்த வருஷம், மாமன் செத்த மாசம் என்று சொல்வாள். ஹெட்மாஸ்டர் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயசு. ரிஜிஸ்தரில் ஜூன் ஒன்று என்று போட்டு, அதற்கு ஒரு வருஷத்தையும் சேர்த்து எழுதிக்கொள்வார். அத்தோடு ஜாதகம் முடிந்தது. அந்தத் தேதியைத்தான் இந்த மெஷின் பயபக்தியோடு வாங்கி, பிள்ளைகளின் மூளையை அளந்து சொல்லியிருக்கிறது.

அன்று சாயங்காலம் கங்கம்மா சிமெண்டுத் தூசியோடு லேப் வாசலுக்கு வந்தாள். செருப்பே போடாதவளாகையால் அந்தப் பிரச்சினை எழவில்லை. மகள் பிறந்த நாள் அவளுக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது.

"ஆடி மாசம், மூணாவது ஞாயித்துக்கெழம. அம்மனுக்குக் கூழ் ஊத்திகினு இருந்தாங்க. அண்டா கிட்ட நின்னுகினு இருந்தேன், வலி வந்துட்ச்சு. வூட்டுக்கு வரதுக்குள்ள இவ வந்துட்டா."

பழைய காலண்டர் கணக்குப் பார்த்து, ஆகஸ்ட் ஐந்து என்று தபீதாள் கண்டுபிடித்தாள். ஆகஸ்ட் என்றால் அந்த வருஷம் பள்ளியில் சேர்த்திருக்க மாட்டார்கள். ஹெட்மாஸ்டர் நல்ல மனசோடுதான் தேதியை முன்னால் இழுத்திருக்கிறார். சும்மா பார்ப்போம் என்று அந்தத் தேதியைத் தட்டினாள். மூளைக்கோடு திரையின் உச்சிக்கு ஏறியது. கீழே வந்த வரி: கணிதம், பொறியியல், மிகச் சிறப்பு.

கங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா! ஆத்தாவுக்குத் தெரியும்டி." தபீதாளுக்கும், இதுவரை செய்த ஆராய்ச்சியெல்லாம் மறந்து, மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. உண்மையைச் சொன்னால் அவள் சந்தோஷப்பட்டாள். தாயையும் மகளையும் அப்படியே தாளாளர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாரியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

அசரியா சார் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? கம்ப்யூட்டர் தப்பே பண்ணல. நாம குடுத்த தேதிதான் தப்பு. சரியான தேதி குடுத்ததும் சரியான பதில் சொல்லுது, இல்லையா? இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?" கங்கம்மாவைப் பார்த்தார். "ஒரு மனு எழுதிக் குடுங்கம்மா. சார்ட்டுக்கு மட்டும் ஒரிஜினல் தேதி வச்சுக்கலாம். உங்க பொண்ணுக்கு பர்ஸ்ட் குரூப் போட்டுடறேன்."

கங்கம்மா கும்பிட்டாள். தபீதாள் பெருமூச்சு விட்டாள். காரியம் முடிந்தது என்று மூன்று பெரியவர்களும் நினைத்த இடத்தில் பேபி பேசினாள்.

"எனக்கு வாணாம் சார்."

"என்னம்மா?"

"அந்தத் தேதில ஆட்டுப் பேரப் போட்டாலும் இன்ஜினியர்னு தான் சார் சொல்லும். காத்தால தையல்னு சொன்னப்ப அது தப்புன்னேன். இப்ப எனக்குப் புடிச்சதச் சொல்லுதுன்னுட்டு அது சரியாயிடுமா?" வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "மாரிக்கு அம்மா இல்ல. அவ எப்பப் பொறந்தான்னு யாருக்கும் தெரியாது. அவளுக்கு எந்தத் தேதியப் போடுவீங்க?"

கங்கம்மா மகளின் முதுகில் ஒரு அறை விட்டாள். "வாய மூடு! சாமி குடுக்கறாரு, இவ வாணாங்கறா. கல்லு தூக்குனாத் தாண்டி உனக்குப் புத்தி வரும்!"

தபீதாளும் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "எடுத்துக்கோடி. சீட்டு முக்கியம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

பேபி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா டீச்சர் சொல்றீங்க?"

 ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை இந்தப் பெண் கற்றுக்கொண்டுவிட்டாள், சொல்லிக்கொடுத்தவள்தான் இப்போது சறுக்கிவிட்டாள் என்பது அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், அசரியா சார் மீது, பிளாப்பி மீது, தன் மீதே ஒரு கோபம் கொதித்துக்கொண்டு வந்தது. "வா" என்று பேபியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சார் பின்னாலிருந்து, "சனிக்கிழமை பெற்றோர் மீட்டிங்ல குரூப் லிஸ்ட்டை நீங்கதான் வாசிக்கணும் டீச்சர், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அவர் குரலில் இருந்தது நினைவூட்டல் இல்லை. அரசாங்கம் சம்பளம் தருகிற எய்டட் பள்ளியானாலும் மெமோ கொடுக்கத் தாளாளருக்கு ஒரு பேனா போதும்.

சனிக்கிழமை ஹாலில் பெற்றோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு மெஷினையும் பெரிய டி.வி.யையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அசரியா சார் ஜெபத்தோடு ஆரம்பித்து, மனிதனுக்குப் பாரபட்சம் உண்டு, கம்ப்யூட்டருக்குக் கிடையாது என்று விளக்கினார். கவுன்சிலர் தலையாட்டினார். கங்கம்மா கடைசி வரிசையில் மகளோடு பேசாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மனு எழுதிக் கொடுக்க மகள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதனால் லிஸ்ட்டில் அவள் பேர் தையலில்தான் இருந்தது. அந்த லிஸ்ட் தபீதாளின் கையில் இருந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார் சார். இருக்காது என்ற நம்பிக்கையில் கேட்கிற கேள்வி அது.

பேபி எழுந்தாள். "உங்க தேதியப் போட்டுக் காட்டுங்க சார்."

ஹாலில் ஒரு சலசலப்பு. சார் சிரித்தார். அவருக்குப் பயமில்லை. அந்த மெஷினை அவர் நிஜமாகவே நம்பினார், அதுதான் விசேஷம். "தாராளமா! போடுங்க டீச்சர், என் பேரையே போடுங்க."

தபீதாள் தட்டினாள். அசரியா. பெரிய டி.வி.யில் பேர் வந்து நின்றது. "பிறந்த தேதி சார்?"

சார் வாயைத் திறந்தார். பிறகு, யோசனையே இல்லாமல், மைக்கைக் கையில் பிடித்தபடியே கேட்டார்:

"சர்டிபிகேட்ல இருக்கறதா, ஒரிஜினலா?"

முதலில் ஒரே ஒருத்தர் சிரித்தார். அது பேபியின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன். அப்புறம் வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது. அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பிறந்த நாள் இருந்தது. ஒன்று அம்மா சொன்னது, ஒன்று ஹெட்மாஸ்டர் எழுதியது. கவுன்சிலர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "ரெண்டையும் போடுங்க சார், எது நல்லா வருதோ அத வச்சிக்கலாம்!" என்று ஒரு குரல் கத்தியது.

"ஜூன் ஒண்ணாம் தேதி பொறந்தவங்கள்லாம் எழுந்து நில்லுங்க!" என்றாள் மாரி.

பிள்ளைகள் எழுந்தார்கள். அங்கொருத்தன், இங்கொருத்தி என்று ஆரம்பித்து, நடு வரிசையில் ஒரு கூட்டமே எழுந்தது. அவர்களோடு சில அப்பாக்களும் எழுந்து நின்றார்கள். அசரியா சார் அவர்களைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "சைலன்ஸ்! லிஸ்ட்டுல மாற்றமில்ல. டீச்சர், வாசிங்க."

தபீதாள் எழுந்து வந்து அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.  லிஸ்ட்டை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"வாசிக்க மாட்டேன் சார். இது பொய். தெரிஞ்சே ஒரு பொய்யை இந்தப் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்து என்னால வாசிக்க முடியாது. மெமோ குடுக்கறதா இருந்தா குடுங்க, வாங்கிக்கறேன்."

 சார் லிஸ்ட்டை எடுக்கக் கையை நீட்டியபோது கடைசி வரிசையிலிருந்து கங்கம்மா எழுந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் கேட்கிற குரலில் பேசினாள்.

"சாமி, பொட்டியப் போய் இத்தினி கேள்வி கேட்டீங்களே. எம் பொண்ணு உங்க எதுர்லயே நிக்கறா. அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அதானே!" என்றார்கள் நாலைந்து பேர். பிறகு ஹால் முழுக்க அதையே சொன்னது. அசரியா சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, தோற்கத் தெரியாதவர், அவ்வளவுதான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கேளுங்க. மார்க்கையும் பாத்துக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல."

தபீதாள் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னார்கள். சிலருக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி என்பதால் தகப்பன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தபீதாள் காத்திருந்தாள். பேபி வந்தாள். "பர்ஸ்ட் குரூப்" என்றாள். கணக்கில் தொண்ணூற்றாறு. தபீதாள் எழுதினாள். கங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்து மாரி. அவளுக்காகச் சண்டை போட்டதே தாங்கள்தான் என்ற நினைப்பு தபீதாளுக்கு. அவளைக் கேட்காமலே பேனாவைப் பர்ஸ்ட் குரூப் பக்கம் கொண்டுபோனாள்.

"தையல் டீச்சர்" என்றாள் மாரி.

தபீதாளின் பேனா நின்றது. கீழே நின்றிருந்த பேபி, "ஏய், இன்னாடி சொல்ற?" என்று கத்திவிட்டாள். அசரியா சார் சட்டென்று நிமிர்ந்தார். "பாத்தீங்களா, கம்ப்யூட்டர் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

மாரி அவர் பக்கம் திரும்பினாள்.

"அது சொல்லுச்சுன்னு இல்ல சார். எனக்குத் துணி வெட்டத் தெரியும், புடிச்சும் கீது. இவங்கள்லாம் எனக்காகப் பேசினாங்க, ஆனா யாருமே என்னக் கேக்கல." தபீதாளையும் பேபியையும் அவள் ஒரு தரம் பார்த்தாள். "இப்பத்தான் கேட்டாங்க. நான் சொல்றேன். தையல்னு எழுதுங்க, டீச்சர்."

தபீதாள் எழுதினாள்.